ஆதிகிரந்தத்தில் இறைப்பெயர்கள்

சீக்கிய சமயத்தைப் பற்றி எழுதுவோர் பலர், அஃது இந்து சமயமும் இசுலாமும் கலந்து பிறந்த கலவைச் சமயம் என்று கூறிச் செல்வர். அதற்கு அவர் காட்டும் முதற்சான்று, அச்சமயத்தின் மறைநூலாகிய ஆதிகிரந்தத்தில் பயின்றுவரும் இறைப்பெயர்களே ஆகும். ஹரி, ராம், கோவிந்த், கோபால், முராரி, நாராயண் என்னும் பெயர்கள் ஒருபுறம். அல்லா, குதா, ரஹீம், கரீம் என்னும் பெயர்கள் மறுபுறம். இருவகைப் பெயர்களும் ஒரு நூலில் விரவி வருதலின் கொள்கையும் விரவியதே என்பது அவர் துணிபு. பெயரைக் கடன்கொண்டோர் அப்பெயர்க்குரிய கொள்கையையும் உடன்கொண்டனர் என்னும் இம்முடிபு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருள்.

ஐந்தாம் குருவாகிய அர்ஜன் இந்நூலை 1604-ஆம் ஆண்டில் அமிர்தசரசில் தொகுத்து முடித்தார். பாயி குர்தாஸ் என்பார் ஏட்டில் எழுதினார். குரு நானக் (1469-1539) முதலாகிய குருமார் பாடல்களோடு கபீர், ரவிதாஸ், மராத்திய நாட்டு நாமதேவர், இசுலாமிய அருளாளராகிய சேக் பரீத் முதலியோர் பாடல்களும் இதன்கண் உள்ளன. ஆதலின் பெயர்வேறுபாட்டிற்கு ஒரு காரணம் வெளிப்படை: பாடினோர் பலர், அவர்தம் நாடும் குலமும் பல. பண்டரிபுரத்து இறைவனை விட்டல் என்று தம் நாட்டு வழக்காற் பாடினார் நாமதேவர். அப்பெயர் பஞ்சாபு நாட்டு மறையினுள்ளும் இடம்பெற்றது. எனினும் இக்காரணம் ஒன்றே அமையாது. குருமார்தம் பாடல்களிலேயே இருவகைப் பெயர்களும் வருகின்றன. ஹரி என்னும் பெயர் மட்டும் நூல் முழுவதிலும் எண்ணாயிரம் முறைக்கு மேல் வருவதாகக் கணக்கிட்டுள்ளனர்.

பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துக் காண்பது நம் இலக்கண மரபு. இத்தகைய பகுப்பொன்று ஆதிகிரந்தத்தினுள்ளேயே இருத்தல் கருதத்தக்கது. மாரூ என்னும் இராகத்தில் குரு அர்ஜன் பாடிய நெடும்பாடல் ஒன்றில் அச்சுதன், மதுசூதனன், தாமோதரன், இருடீகேசன், கோவர்த்தனம் ஏந்தினோன் எனத் திருமால் பெயர்களே அடுக்கிவருகின்றன. முடிவை அறியாது படிப்போர் இதனை ஒரு வைணவ நாமாவளி என்றே கொள்வர். ஆனால் பாடலின் இறுதியில் குரு அர்ஜன், நா நவின்ற இப்பெயர்களெல்லாம் 'கிர்தம்' என்னும் வகையின என்றும், 'சத்' என்பதே இறைவனது முன்னைப் பெயர் என்றும் கருத்துப்பட மொழிகின்றார். கிர்தம் என்பது க்ருத்ரிமம் என்னும் வடசொல்லின் சிதைவு. ஆக்கப்பட்டது என்பது அதன் பொருள். செயல்பற்றி மக்கள் ஆக்கி வழங்கும் காரணப்பெயர் என்று அதனை நாம் கொள்ளலாம். மது என்பானைக் கொல்லுமுன் மதுசூதனன் என்னும் பெயர் இல்லை. மலையை ஏந்துமுன் மலையேந்தி என்னும் பெயர் இல்லை. உள்ளது என்னும் பொருளுடைய சத் என்னும் பெயரோ எச்செயலையும் வேண்டி நில்லாது. 'முன்னை' என்னும் அடை இந்நுட்பத்தைக் காட்டுவதாகக் கொள்ளுதல் தகும்.

இப்பகுப்பு மனத்துட் கொண்டு ராம் என்னும் பெயரை நோக்குவோம். நூலின் முகப்பில் நிற்கும் மூலமந்திரத்தின் சொற்களுள் ஒன்று 'அஜூனி'. யோனி என்னும் வடசொல்லோடு எதிர்மறை முன்னொட்டு இயைந்து வந்தது இது. கருவிற் புகாதவன், பிறவாதவன் என்பது பொருள். காலங்கடந்தமை சுட்டும் 'அகால்' என்னும் சொல்லும் அம்மந்திரத்தில் உண்டு. இவ்விரு சொற்களும் நூலின் வாயிலிலே நின்று உட்புகும் பெயர்களையெல்லாம் வரையறை செய்கின்றன எனலாம். பிறவாதவன் என்று முதற்கண் ஓதியபின், ராம் என்று அழைக்கப்படும் இறைவன் தசரதன் மகனாதல் யாங்ஙனம்? எங்கும் நிறைந்திருப்போன் என்றே சீக்கிய உரையாளர் அப்பெயர்க்குப் பொருள் கூறுவர். இஃது உரையாளர் பிற்காலத்துப் புனைந்துரைத்தது என்று கருதுவார் உளராயின், அவர்க்கு மூலத்திலேயே விடை உண்டு. ராம்கலி இராகத்து வாரில் அமைந்த குரு நானக் பாடல் ஒன்று, துன்புற்று அழுதாரை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் நாடு துறந்த இராமனும் நிற்கின்றான், இராவணனும் நிற்கின்றான். இறைவனை ராம் என்று வாயார அழைத்த அதே புலவர், காப்பியத் தலைவனாகிய இராமனை அழுதார் கூட்டத்தில் வைத்தார். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இதனினும் தெளிந்த அகச்சான்று வேண்டா.

இசுலாமியப் பெயர்களின் நிலையும் இதுவே. திலங்கு இராகத்தில் பாரசீகச் சொற்கள் செறிய அமைந்த பாடல் ஒன்றில் குரு நானக் இறைவனைக் கபீர், கரீம், பர்வர்திகார் என விளிக்கின்றார். பெரியோன், அருட்கொடையோன், புரப்போன் என்பன இவற்றின் பொருள். முதலிரண்டும் இசுலாத்தில் இறைவனுக்குரியனவாக ஓதப்படும் 99 பெயர்களைச் சார்ந்தவை. எனினும் பெயரைப் பற்றிய கருத்தில் இரு சமயமும் வேறுபடுகின்றன. இறைவன் தனக்குத் தானே வெளிப்படுத்திய பெயர்களாலன்றி மக்கள் ஆக்கிய பெயர்களால் அவனை அழைத்தல் கூடாதென்பது இசுலாமிய இறைநூலார் பெரும்பான்மையோர் கொள்கை. யூதர் இன்னும் ஒருபடி மேற்சென்று, நான்கு மெய்யெழுத்தாலாகிய திருப்பெயரை வாயாற் சொல்லாது, அது வருமிடத்து 'அதோனாய்' என்று படிப்பர். ஆதிகிரந்தமோ மக்கள் ஆக்கிய பெயர் எதனையும் விலக்கவில்லை. ஆக்கப்பட்டவை என்று அறிந்தே எல்லாவற்றையும் ஏற்றது. ஏற்றல் என்பது இங்குக் கலத்தல் ஆகாது. 1877-இல் இந்நூலின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த எர்னசுட் திரும்பு இவ்வேறுபாட்டைப் போதிய அளவு கருதினாரல்லர். 1968-இல் நானக்கைப் பற்றி எழுதிய மக்கிலியோடு, கலவைக் கொள்கையை மறுத்து, வடநாட்டுச் சந்தர் மரபினுள் வைத்து அவரை ஆராய்ந்தமை இத்துறையில் ஒரு திருப்பமாகும்.

இன்று சீக்கியர் மிகுதியும் வழங்கும் பெயர் வாஹிகுரு என்பது. வியப்பாவது, இவ்வடிவில் அப்பெயர் குருமார் பாடல்களில் இல்லை; ஆதிகிரந்தத்தில் பட்டர் எனப்படும் புகழ்பாடுநருள் கயந்த் என்பார் பாடலிற்றான் காணப்படுகிறது. இதற்குப் பாயி குர்தாஸ் ஒரு விளக்கம் தருகின்றார். நான்கு யுகங்களிலும் வழங்கிய விட்டுணு, ஹரி, ராம், கோவிந்த் என்னும் பெயர்களின் எழுத்துகளைக் கூட்டியமைந்தது இப்பெயர் என்பது அவர் கூற்று. பத்தியுணர்வுக்கு இனிய இவ்விளக்கம் சொல்லாராய்ச்சிக்கு ஏலாது. வாஹ் என்பது பஞ்சாபியிலும் பாரசீகத்திலும் வழங்கும் வியப்புச் சொல். நம் இலக்கணத்தார் இதனை இடைச்சொல் என்பர். காரணப்பெயர்களை ஆக்கப்பட்டவை என ஒதுக்கிய மரபு, ஈற்றில் பெயரல்லாத ஒரு வியப்புக்குறிப்பையே பெயரின் முதலாகக் கொண்டது.

பெயர் யாருக்கு உரியது என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று. மலேசிய நாட்டில் 1986-இல் உள்துறை அமைச்சு, அல்லா என்னும் சொல்லைக் கிறித்தவ வெளியீடுகளில் வழங்கலாகாதென ஆணையிட்டது. வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் கத்தோலிக்க வார இதழின் மேல்முறையீட்டிற்கு இசைவு மறுத்தது. 2021-இல் வேறொரு வழக்கில் உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்த்தது. அச்சொல் தம் மறையினுள்ளும் இருத்தலின் அந்நாட்டுச் சீக்கியரும் இதனை அக்கறையோடு நோக்கினர். தமிழிலும் இக்கவலை பழையது. விவிலியத்தைத் தமிழாக்கிய சீகன்பால்கு (1715) சருவேசுரன் என்றார். பப்ரீசியு பராபரன் என்றார். பின்வந்தோர் தேவன் என்றனர். 1995-இன் பொதுமொழிபெயர்ப்பு கடவுள் என்றது. வழக்கிலிருந்த சமயச் சொல்லை எடுப்பின் அதன் பழம்பொருளும் தொடருமோ என்னும் அச்சமே இம்மாற்றங்கட்குப் பெருங்காரணம்.

ஆதிகிரந்தத்தைத் தமிழாக்குவோர்க்கு நூலின் முதற்குறியிலேயே இடர்ப்பாடு எழும். அங்கு ஓங்காரத்தின் முன் நிற்பது சொல் அன்று. ஒன்று என்னும் எண்ணின் இலக்கம். அகரம், உகரம், மகரம் எனப் பிரித்து மூவரைக் காணும் விளக்கத்திற்கு இவ்விலக்கம் இடந்தராது. ஓரோங்காரம் என்று பெயர்த்தால், 'ஓர்' என்பது ஏதோ ஓர் ஓங்காரம் எனவும் பொருள்படும். ஒருவன் எனின் ஆண்பால் ஆகும். அந்நூலோ இறைவனைத் தந்தை என்பதோடு தாய் என்றும் பாடும். ஒன்று எனின் அஃறிணையாய் வேதாந்தத்துப் பிரமத்தின் சாயல் படியும். இலக்கத்திற்குப் பால் இல்லை. எனவே மூலத்தைப் போல இலக்கமாகவே எழுதி, பொருளை உரையிற் கூறுதலே நேரிதென்று தோன்றுகிறது. தமிழிலக்கம் இட விரும்புவோர், ௧ என்னும் வடிவைப் படிப்போர் ககரமாகவே கொள்வர் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 1 என்றெழுதின் இம்மயக்கம் இல்லை.