நித்தியகல்யாணியைக் கொஞ்சம் மிரட்டினால்

இந்த எபிசோடு ஒரு பூவைப் பத்தி. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் பக்கம் பைக்கில் போனா, செம்மண் ஓரத்தில், சுடுகாட்டு மதிலை ஒட்டி, யாரும் தண்ணி ஊத்தாமலே ரோஸ் கலரில் பூத்துக் கிடக்கும். நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லின்னும் சொல்வாங்க. அத்தனை வறட்சியிலும் ஆடு அதில் வாய் வைக்காது. அவ்வளவு கசப்பு. இன்னைக்கு நான் பேசப்போறதே அந்தக் கசப்பைப் பத்தித்தான்.

1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர்னு ரெண்டு பேர் இந்தச் செடியை ஆராய்ஞ்சாங்க. அவங்க தேடினது சர்க்கரை நோய்க்கு மருந்து. இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தப்போ சர்க்கரை குறையலை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளன்னு குறைஞ்சது. அந்தத் தடத்தில் போய்த்தான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின்னு ரெண்டு புற்றுநோய் மருந்துகள் கிடைச்சது. குழந்தைகளுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இன்னைக்கும் இல்லாமல் முடியாது.

சிக்கல் என்னன்னா, செடியில் இது இருக்கிற அளவு. 1 கிராம் வின்கிறிஸ்டினை இலையிலிருந்தே நேரா எடுக்கணும்னா சுமார் 2,000 கிலோ காய்ஞ்ச இலை வேணும். ஒரு தடவை ஏத்துற ஊசியில் உச்ச அளவு பொதுவா 2 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரே ஒரு ஊசிக்கு 4 கிலோ சருகு! அதனாலதான் செடியில் கொஞ்சம் தாராளமா இருக்கிற பொருட்களை எடுத்து, ஆய்வகத்தில் ஒட்டுப்போட்டு மருந்தாக்குற வழியும் வந்தது.

சரி, செடியையே கூடுதலா தயாரிக்க வைக்க முடியாதா? அது எதுக்காக இதைத் தயாரிக்குதுன்னு முதல்ல யோசிக்கணும். நமக்காக இல்லை. புழு கடிக்குது, பூஞ்சை ஏறுது, ஓடித் தப்பிக்கக் கால் இல்லை. அதனால விஷம் காய்ச்சுது. எதிரி வந்தா உலை கொதிக்கும், வராட்டி அடுப்பு சிம்மில் இருக்கும். அப்போ எதிரியை அனுப்பாமல், எதிரி வந்துட்டான்கிற சேதியை மட்டும் அனுப்பினா? அந்தப் பொய்ச் சேதிக்குப் பேர்தான் எலிசிட்டர். தமிழில் தூண்டின்னு வச்சுக்கலாம்.

இதில் பிரபலமானது மெத்தில் ஜாஸ்மோனேட். பேரிலேயே மல்லிகை இருக்கு பாருங்க. 1962-இல் ஜாதிமல்லி எண்ணெயிலிருந்துதான் இதை முதலில் பிரிச்சாங்க. வாசனைச் சரக்குன்னு நினைச்ச ஒண்ணு, செடிகளின் அபாயச் சங்குன்னு பிற்பாடுதான் தெரிஞ்சது. 1990-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை பண்ணாங்க. இந்தப் பொருளைக் காத்தில் விடுற ஒரு புதர்ச்செடியையும் தக்காளியையும் மூடின பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் வச்சாங்க. தொடவே இல்லை. தக்காளி தானா பூச்சி எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்க ஆரம்பிச்சது!

இன்னொரு தூண்டி நம்ம மாவட்டக் கடற்கரையிலேயே கிடக்கு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் உரிச்சுப் போடுற இறால் ஓட்டில் கைட்டின்னு ஒரு பொருள் இருக்கு. பூஞ்சையின் செல் சுவரிலும் அதேதான். அதைப் பக்குவப்படுத்தின கைட்டோசானை இலையில் தெளிச்சா, பூஞ்சை வந்துட்டதா நினைச்சுச் செடி உஷாராகுது. இறால் ஓட்டுக்கும் பூஞ்சைக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது, பாவம்.

இது பெரிய அளவில் பலிச்ச கதை யூ மரத்துடையது. பேக்லிடாக்செல்ங்கிற புற்றுநோய் மருந்துக்காக ஒருகாலத்தில் மரத்தின் பட்டையை உரிச்சாங்க, மரம் செத்துப்போகும். யூ மரத்தின் செல்களைத் திரவத்தில் வளர்த்து, அதில் மெத்தில் ஜாஸ்மோனேட் விட்டா மருந்து பல மடங்கு ஏறுதுன்னு 1996-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் காட்டினாங்க. இப்போ தொட்டியில் செல் வளர்த்தே அந்த மருந்தைத் தயாரிக்கிறாங்க.

நித்தியகல்யாணி மட்டும் அப்படி மசியலை. வின்பிளாஸ்டின்கிறது ரெண்டு பொருள் சேர்ந்தது. கேதரந்தின் இலையின் மேல் மெழுகில் இருக்கு. விண்டோலின் இலைக்கு உள்ளே இருக்கு. விண்டோலின் உருவாக வெளிச்சமும் வேணும், இலைக்கே உரிய தனிச் செல்களும் வேணும். தொட்டியில் மிதக்கிற செல் கூழ் இலை இல்லையே! எவ்வளவு மிரட்டினாலும் கேதரந்தின் கூடும், விண்டோலின் வராது. அதனால வயலில் நிக்கிற செடி இன்னும் தேவைப்படுது.

வயலில் வேற தொல்லை. வறட்சியும் ஒரு மிரட்டல்தான், கசப்பு கூடும். ஆனா செடி சுருங்கிடும். இலை விக்கிறது கிலோ கணக்கில். அப்போ மருந்து கூடின வயலில் விவசாயிக்குக் காசு குறையும். எனக்கு இந்தத் துறையிலேயே நியாயமான கேள்வியா படுறது இதுதான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதைத் தொட்டது. தண்ணியைக் குறைச்சு வளர்த்த நித்தியகல்யாணிக்கு சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் பாக்டீரியாவைக் கொடுத்தாங்க. நம்மூர் விவசாயிகள் விதைநேர்த்திக்கு வாங்குற அதே சூடோமோனாஸ்தான். செடியின் எடையும் கூடுச்சு, அஜ்மலிசின்கிற இன்னொரு மருந்துப் பொருளும் கூடுச்சு. வின்கிறிஸ்டின் இல்லை, அதைக் குழப்பிக்க வேண்டாம். ஆனா எடையா மருந்தான்னு சண்டை போட வைக்காத தூண்டியும் இருக்குன்னு தெரியுது. வானம் பார்த்த பூமிக்கு அது முக்கியம்.

கடைசியா ஒண்ணு. "சுகருக்குத் தினம் காலையில நித்தியகல்யாணிப் பூ, இலை போட்டுக் கொதிக்க வச்சுக் குடிங்க"ன்னு உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும். இதுவரைக்கும் கேட்டவங்களுக்கு அதில் என்ன ஆபத்துன்னு புரியும். ஒரே செடியில் போன மாசம் இருந்த அளவு இந்த மாசம் இருக்காது. மழை பெஞ்சதா, புழு கடிச்சதா, பக்கத்துச் செடி அலறுச்சா, எதைப் பொறுத்தும் மாறும். அந்தக் கஷாயத்தில் என்ன, எவ்வளவு இறங்கியிருக்குன்னு கொதிக்க வச்சவங்களுக்கே தெரியாது. இறங்குறதோ வெள்ளை அணுக்களைக் குறைக்கிற, நரம்பைப் பாதிக்கிற சரக்கு. அப்பா அம்மா யாராவது குடிச்சுக்கிட்டிருந்தா, சுகர் மாத்திரை எழுதித் தர்ற டாக்டர்கிட்ட அதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்க.