துவக்கை ஏன் அடகு வைக்க முடியாது?

பேராதனையில் தொடங்கும் ஏ-5 வீதி கெலிஓயா, கம்பளை, நுவரெலியா, பதுளை ஊடாகப் போய் மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடியில் முடிகிறது. இந்த வீதியில் எந்த நகரத்தில் இறங்கினாலும் அடகு பிடிக்கும் இடம் ஒன்றைக் காணலாம். அது அரச வங்கியின் அடகுப் பிரிவாக இருக்கலாம், நிதி நிறுவனத்தின் கிளையாக இருக்கலாம், நகைக்கடையோடு ஒட்டிய சிறிய அறையாகவும் இருக்கலாம். உள்ளே நடப்பது எங்கும் ஒன்றுதான். காப்போ சங்கிலியோ தோடோ தராசில் ஏறும். கரட் பார்ப்பார்கள். பவுணுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பற்றுச்சீட்டு எழுதுவார்கள். தவணைக்குள் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

இதே வகைக் கடை அமெரிக்காவில் இருந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் மோதிரங்களுக்குப் பக்கத்தில் கைத்துப்பாக்கிகளும் இருக்கக்கூடும். சுவரில் வேட்டைத் துவக்குகள் வரிசையாகத் தொங்கும். யாரோ அடகு வைத்து மீட்காமல் விட்டவை அவை. பழையது என்பதால் விலையும் குறைவு. ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களிலும் யூடியூப் காணொளிகளிலும் இதைப் பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு: அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

கேள்வி விளையாட்டாக எழலாம். பதில் அப்படியானதல்ல. வீட்டில் ஒரு துவக்கு இருப்பது எதைக் கொண்டுவரும் என்பதை முப்பது ஆண்டுப் போரில் பார்த்த சமூகம் நாம். சட்டம் இதில் எங்கே கோடு போடுகிறது, அந்தக் கோட்டுக்கு வெளியே கைமாறும் பழைய துவக்கு வாங்குபவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அமெரிக்க அடகுக்கடை எப்படி இயங்குகிறது?

அமெரிக்காவிலும் அடகுக்கடைக்காரர் நினைத்தபடி துவக்கை வாங்கி விற்க முடியாது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அவர் மத்திய அரசின் அனுமதி பெற்ற துப்பாக்கி வியாபாரியாக இருக்க வேண்டும். வாங்க வருபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். 1998 நவம்பரில் தொடங்கிய தேசிய சரிபார்ப்பு முறையினூடாக அவருடைய குற்றப் பின்னணி பார்க்கப்படும். தன் சொந்தத் துவக்கையே அடகு வைத்துவிட்டு மீட்க வருபவரும் இந்தச் சரிபார்ப்பைக் கடந்துதான் ஆக வேண்டும்.

அங்குள்ள பெரிய ஓட்டை அடகுக்கடைக்கு வெளியே இருக்கிறது. வியாபாரி அல்லாத ஒருவர் தன் பழைய துவக்கை இன்னொருவருக்கு விற்கும்போது, பல மாநிலங்களில் எந்தச் சரிபார்ப்பும் கட்டாயமில்லை. ஆயுதம் வைத்திருப்பதை அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் உரிமையாகப் பார்க்கும் நாடு அது. அந்த உரிமையை யாருக்கு மறுப்பது என்பதையே அங்கே சட்டம் கேட்கிறது.

நம் உறவுகள் அதிகம் வாழும் மற்ற நாடுகளில் நிலைமை வேறு. டன்பிளேன் பாடசாலைப் படுகொலைக்குப் பிறகு 1997இல் பிரித்தானியா தனியார் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. கனடா 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கிகளின் விற்பனையையும் கைமாற்றத்தையும் முடக்கியது.

ஆளுக்கு, துவக்குக்கு, ஆண்டுக்கு

இலங்கையில் கேள்வியே தலைகீழானது. இங்கே துவக்கு வைத்திருப்பது உரிமை அல்ல, அரசு தரும் அனுமதி. அதன் அடிப்படை இன்றும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம்தான். கம்பளைப் பெரஹெர ஊர்வலத் தகராற்றில் முளைத்து 1915இல் கண்டியில் வெடித்த சிங்கள – முஸ்லிம் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம் அது. பலமுறை திருத்தப்பட்டிருந்தாலும் எலும்புக்கூடு மாறவில்லை.

அதன்படி அனுமதிப்பத்திரம் குறிப்பிட்ட ஓர் ஆளுக்கு, குறிப்பிட்ட ஒரு துவக்குக்கு, ஓர் ஆண்டுக்கு வழங்கப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் 31 வரையான காலத்தில் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் வைத்திருப்பது குற்றம். தற்பாதுகாப்புக்கான துப்பாக்கிகளைப் பாதுகாப்பு அமைச்சு கையாள்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கான சொட்கன் என்றால் மாவட்டச் செயலகத்துக்குப் போக வேண்டும். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பொலிஸ் என்று ஒவ்வொரு படியிலும் அறிக்கை கேட்கப்படும். காணி உண்டா, பயிர் உண்டா, ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்ப்பார்கள்.

இந்தக் கட்டமைப்பைப் புரிந்துகொண்டால் கெலிஓயா அடகுக்கடையில் துவக்கு ஏன் இருக்காது என்பது தானாகவே விளங்கும். அடகு என்பது பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது. நகையை ஒப்படைத்தால் யாரும் குற்றவாளி ஆவதில்லை. துவக்கை ஒப்படைத்தால், அனுமதி இல்லாத ஒருவருக்கு ஆயுதம் கொடுத்தவர் ஆகிறார் அடகு வைத்தவர். அனுமதியின்றி வைத்திருப்பவர் ஆகிறார் கடைக்காரர். மீட்காத நகையைப் போல அதை ஏலத்தில் கூவவும் முடியாது. கூட்டத்தில் அதிக விலை கேட்டவருக்குத் துவக்கு போய்ச் சேருவதைத் தடுப்பதற்காகவே இந்தச் சட்டம் இருக்கிறது.

அப்படியென்றால் இலங்கையில் பழைய துவக்கு கைமாறுவதே இல்லையா? மாறுகிறது, ஆனால் கடையில் அல்ல, கோப்பில். அனுமதி பெற்றவர் இறந்தால் துவக்கு பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். வாரிசுகளில் ஒருவர் அதைத் தன் பெயருக்கு மாற்ற விரும்பினால் மரணச் சான்றிதழோடும் மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தகப்பனின் காணி பிள்ளைக்கு வருவதுபோல் தகப்பனின் துவக்கு வந்துவிடாது.

அனுமதி யாருக்குக் கிடைத்தது?

சட்டம் காகிதத்தில் எல்லோருக்கும் ஒன்று. நடைமுறையில் துவக்கு யார் கையில் இருக்கலாம் என்பதை இந்த நாட்டில் அரசியலே அதிகம் தீர்மானித்திருக்கிறது.

1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஜே.வி.பி. இளைஞர்களின் கையில் இருந்தவற்றில் பெரும்பங்கு வீடுகளிலிருந்து எடுத்த சொட்கன்களும் கையால் செய்த குண்டுகளும்தான். எண்பதுகளின் இறுதியில் தெற்கில் அதுவே மீண்டும் நடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் வயலுக்கென்று அனுமதியோடு இருந்த சொட்கன்களை இயக்கங்கள் வாங்கிச் சென்றதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே காலத்தில் எல்லைக் கிராமங்களின் சிங்கள, முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கு அரசே சொட்கன்களைக் கொடுத்தது. ஒரே மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஓர் ஊருக்குத் துவக்கு பாதுகாப்பு என்றானது. மற்ற ஊருக்கு அது குற்றச்சாட்டு என்றானது.

கண்டிப் பக்கத்துக்கும் இதில் அனுபவம் உண்டு. 1983 யூலையில் கண்டி நகரத்தில் தமிழரின் கடைகள் எரிந்தன. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்து அவசரகாலச் சட்டம் பிரகடனமானது. இப்படியான ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் "வீட்டில் ஒன்று இருந்தால் நல்லது" என்ற எண்ணம் தலைதூக்கும். அந்த எண்ணத்தின் பின்னால் இருக்கும் பயம் உண்மையானது. ஆனால் நூறு பேர் கொண்ட கூட்டத்தை ஒரு பழைய சொட்கன் நிறுத்தியதைவிட, அந்தச் சொட்கனைக் காரணம் காட்டி அந்த வீட்டுப் பிள்ளைகள் அள்ளிச் செல்லப்பட்டதே நம் நாட்டில் அதிகம்.

பன்றியும் குரங்கும் கேட்கும் துவக்கு

இன்று கிராமங்களில் துவக்குக்கான தேவை கேட்பது பெரும்பாலும் பயிரின் பெயரால். கண்டி மாவட்டத்தின் வீட்டுத் தோட்டங்களில் தேங்காய் குரும்பையாக இருக்கும்போதே குரங்கு பறித்துப் போடுகிறது. மரவள்ளியையும் வற்றாளையையும் காட்டுப்பன்றி கிண்டிவிடுகிறது. வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் இவற்றோடு யானையும் சேர்ந்துகொள்கிறது. 2023இல் ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்ற யோசனை அமைச்சர் மட்டத்தில் பேசப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் குரங்கு, மயில், மர அணில்களை எண்ணித் தரும்படி அரசு மக்களைக் கேட்டது. பிரச்சினை எவ்வளவு முற்றிவிட்டது என்பதற்கு இவையே சாட்சி.

அனுமதியோடு சொட்கன் பெற முடியாத விவசாயி, அல்லது அலைந்து களைத்த விவசாயி, அடுத்துத் தேடுவது இடியன் துவக்கையும் கட்டுத்துவக்கையும்தான். இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்து, பன்றி வரும் பாதைக்குக் குறுக்கே கம்பி கட்டி வைப்பது கட்டுத்துவக்கு. கம்பியைத் தட்டுவது பன்றியா, விறகுக்குப் போன பெண்ணா, மாடு தேடிப் போன சிறுவனா என்று அதற்குத் தெரியாது. கட்டுத்துவக்கு வெடித்து ஒருவர் பலி என்ற செய்தி ஊடகங்களில் வழமையாகிவிட்டது. பல தடவைகளில் அதைக் கட்டியவரும் செத்தவரும் ஒரே ஊர்க்காரர்கள், சில வேளை சொந்தக்காரர்கள்.

"ஈடாக வைத்துக்கொள்"

உத்தியோகபூர்வ அடகுக்கடையில் துவக்கு இல்லை என்றாலும், அடகு என்ற பேச்சில் துவக்கு கைமாறுவதற்கு வாய்ப்புண்டு. கடன் கேட்டு வருபவர் பணத்துக்குப் பதிலாக "இதை ஈடாக வைத்துக்கொள், பிறகு மீட்கிறேன்" என்று ஒரு பொட்டலத்தை விட்டுப் போகலாம். அல்லது குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லலாம். அந்தத் துவக்கு நேற்று எங்கே இருந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. ஆனால் அதை யார் கையில் பிடிக்கிறார்களோ அவரிடம்தான் பொலிஸ் முதலில் கேட்கும்.

சட்டவிரோத ஆயுதங்களின் ஊற்று இன்று தோட்டத்துத் துவக்குகள் மட்டுமல்ல. போரில் தப்பியோடிய சிப்பாய்களோடு போனவையும், முகாம்களிலிருந்து களவாகப் போன ரி-56களும் பாதாள உலகத்தின் கையில் சுற்றுகின்றன. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவர், கணேமுல்ல சஞ்ஜீவவைச் சாட்சிக் கூண்டருகே சுட்டுக் கொன்றார். ரிவோல்வர் கொண்டுவரப்பட்டது சட்டப் புத்தகம் ஒன்றின் தாள்களை வெட்டிச் செய்த குழிக்குள். இப்படி ஒரு கொலையில் பயன்பட்ட ஆயுதம் மலிவு விலையில் உங்கள் ஊருக்கு வந்தால் அதன் நெற்றியில் எதுவும் எழுதியிருக்காது.

தண்டனை சிறியதல்ல. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு தன்னியக்கத் துப்பாக்கியை அனுமதியின்றி வைத்திருப்பதற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். தமிழருக்கு இன்னொரு கத்தியும் தொங்குகிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, அதிகாரமின்றி ஆயுதம் சேகரிப்பதையும், பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அதை வைத்திருப்பதையும் ஐந்து முதல் இருபது ஆண்டுச் சிறைக்குரிய குற்றமாக்குகிறது. வழக்குத் தொடருமுன்பே தடுப்புக் காவலில் வைக்கும் உச்சக் காலம் 2022இல் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாகக் குறைந்தது, அவ்வளவுதான். தெற்கில் ஒரு வீட்டில் கிடைக்கும் துருப்பிடித்த துவக்கு சாதாரண நீதிமன்ற வழக்காகலாம். கிளிநொச்சியில், அதுவும் புனர்வாழ்வு பெற்று வந்த ஒருவரின் வீட்டில் கிடைத்தால் அது "மீளெழுச்சி" என்ற தலைப்புச் செய்தியாகிவிடும்.

கையில் வந்துவிட்டால்

அதனால் மூன்று நிலைமைகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, இறந்தவரின் பெயரில் அனுமதியோடு வீட்டில் இருக்கும் துவக்கு. "ஐயாவின் நினைவு" என்று பரணில் வைத்திருந்தால் அது அனுமதியற்ற ஆயுதம். அனுமதிப்பத்திரத்தோடும் மரணச் சான்றிதழோடும் பொலிஸில் ஒப்படைத்து, எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். பெயர் மாற்றுவதா என்பதைப் பிறகு பிரதேச செயலகத்தில் பேசலாம்.

இரண்டாவது, காணி திருத்தும்போதோ கிணறு இறைக்கும்போதோ வெளிப்படும் போர்க்கால ஆயுதம். தொடவே வேண்டாம். துவக்கு என்று நினைப்பதன் அடியில் வெடிபொருள் இருக்கலாம். இடத்தை அடையாளமிட்டுவிட்டு கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் அருகில் வேலை செய்தால் அவர்களுக்கும் சொல்லலாம். தனியாக அல்லாமல், ஊர்ச் சங்கத் தலைவர், மதகுரு போன்ற ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அறிவிப்பது, கண்டெடுத்தவரே சந்தேகநபராக ஆவதைத் தவிர்க்க உதவும்.

மூன்றாவது, யாராவது விற்கவோ ஈடு வைக்கவோ கொண்டுவரும் துவக்கு. வாங்காதீர்கள், ஓர் இரவுக்குக்கூட வைத்துக்கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கையில் இருப்பவர்கள், அரசு அவ்வப்போது அறிவிக்கும் பொதுமன்னிப்புக் காலத்தைப் பயன்படுத்தலாம். 2020 பெப்ரவரியிலும் அப்படி ஒரு வாரம் அறிவிக்கப்பட்டது. ஒப்படைக்கப் போகுமுன் ஒரு சட்டத்தரணியுடன் பேசுவது அவசியம்.

அனுமதி பெற்ற துவக்குகளும் நிரந்தரமானவை அல்ல. 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது. அரசு கொடுத்ததை அரசு திருப்பிக் கேட்கும்.

கெலிஓயாவின் அடகுக்கடை நகையோடு நிற்பது நல்லதுதான். ஆனால் சட்டம் துவக்கை மறுத்தால் மட்டும் போதாது. பன்றிக்குக் காப்பு வேலி, குரங்குக்கு உருப்படியான திட்டம், பயிர் அழிவுக்கு நேரத்துக்குக் கிடைக்கும் நட்டஈடு, கலவரம் வரும்போது பக்கம் பார்க்காமல் வந்து நிற்கும் பொலிஸ் – இவை இல்லாத இடத்தில்தான் கட்டுத்துவக்கும் கள்ளத்துவக்கும் விலைபோகின்றன. ஆயுதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் அரசிடம் இவற்றைக் கேட்டு வாங்குவது நமது உரிமை.