குழலிடா மார்பறை உள்நோக்கி அறுவை: நலிந்த நுரையீரலுக்கு அது தரும் வாய்ப்பும் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

நுரையீரல் நலிந்த நோயாளிக்கு அறுவையைவிட அதற்கான முழு மயக்கமும் செயற்கைச் சுவாசமும் பெருஞ்சுமையாவதுண்டு. மூச்சுக்குழாயில் குழலிடாமல், நோயாளியின் தன்மூச்சிலேயே செய்யப்படும் மார்பறை உள்நோக்கி அறுவையின் அடிப்படையையும் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தன்மூச்சு, குழலிடல், மார்பறை உள்நோக்கி, நரம்பு மரப்பு, எம்ஃபைசீமா.

முன்னுரை

மார்பறை உள்நோக்கல் தன்மூச்சு நிலையிலேயே தொடங்கியது. சுவீடன் நாட்டு மருத்துவர் ஜாகோபேயஸ் 1910-இல் இம்முறையை அறிவித்தபோது இடமரப்பு மருந்தே துணையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரட்டைக்குழல் அறிமுகமானபின், ஒரு நுரையீரலை ஒடுக்கி மற்றொன்றைக் கருவியால் இயக்குவது பொதுமுறையாயிற்று. இன்று நலிந்த நோயாளிகளை முன்னிட்டு அந்தப் பழைய வழி மீண்டும் ஆராயப்படுகிறது.

குழலிடலின் சுமை

இயல்பு மூச்சில் காற்று உள்ளிழுக்கப்படுகிறது. கருவி மூச்சில் அது அழுத்தித் தள்ளப்படுகிறது. இவ்வழுத்தம் நுண்ணறைகளை மிகையாக விரித்துக் காயப்படுத்தலாம். எம்ஃபைசீமா நோயில் மெலிந்த காற்றுப்பைகள் வெடிக்கவும் கூடும். தசைத்தளர்த்தி மருந்தின் எச்சம் உதரவிதானத்தையும் இருமலையும் வலுவிழக்கச் செய்வதால் சளி தேங்கி நிமோனியாவுக்கு இடமாகிறது. சிலரைக் கருவியிலிருந்து விடுவிப்பதே கடினமாகிறது.

தன்மூச்சில் அறுவை நிகழும் விதம்

மார்புச்சுவரில் துளையிட்டதும் வெளிக்காற்று நுழைந்து அப்பக்க நுரையீரல் தானே ஒடுங்குகிறது. விபத்தில் ஆபத்தாகும் இந்நிகழ்வே இங்கு மருத்துவருக்கு வேலையிடம் அமைக்கிறது. ஒருக்களித்துக் கிடக்கும் நோயாளியின் கீழ்நுரையீரலுக்குப் புவியீர்ப்பால் குருதி மிகுதியாகச் செல்கிறது. தளராத உதரவிதானம் அங்கேயே காற்றையும் சேர்க்கிறது.

வலியை எபிடியூரல் மரப்போ விலாவிடை நரம்பு மரப்போ தடுக்கிறது. முகமூடி வழியே ஆக்சிசன் தரப்படுகிறது. நுரையீரல் வேர்ப்பகுதியை இழுக்கும்போது எழும் இருமலை அடக்க, மார்பறைக்குள்ளேயே வேகஸ் நரம்பை மரக்கச் செய்வர். கரியமிலவாயு சற்று உயரும். பெரும்பாலும் அது தாங்கத்தக்க அளவிலேயே நின்று, நுரையீரல் மீண்டும் விரிந்ததும் தணிகிறது.

இம்முறையை ‘விழிப்புநிலை அறுவை’ என்று மட்டும் வழங்குவது பொருந்தாது. பலருக்குத் தூக்கமருந்தும் கொடுக்கப்படுகிறது. ஆகவே ‘குழலிடா அறுவை’ என்பதே இரு நிலைகளையும் அடக்கும் சொல்.

வளர்ச்சிப்படிகள்

2004-இல் உரோம் நகரின் பொம்பேயோ குழுவினர் நுரையீரலின் தனிக்கணுக்களை எபிடியூரல் மரப்பில் அகற்றியதை வெளியிட்டனர். 2011-இல் தைவான் குழுவினர் புற்றுநோய்க்காக நுரையீரல் மடல் முழுவதையும் இவ்வாறே அகற்றியதை அறிவித்தனர். 2014-இல் ஸ்பெயின் நாட்டின் கொன்சாலெஸ் ரீவாஸ் ஒரே துளைவழி மடல் நீக்கத்தை இம்முறையில் செய்ததை வெளியிட்டார்.

வரம்புகள்

குருதி கட்டுமீறிப் பெருகினாலோ ஆக்சிசன் குறைந்தாலோ உடனே குழலிட வேண்டும். ஒருக்களித்த நிலையில், மார்பு திறந்திருக்க, இதைச் செய்வது எளிதன்று. எனவே, குழலிடக் கடினமான தொண்டையமைப்பு, மிகை உடற்பருமன், நுரையீரல் உறையின் கெட்டியான ஒட்டுகள், மிகுசளி ஆகியவை உள்ளோருக்கு இம்முறை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

இங்கொரு முரண் உள்ளது. இம்முறையால் மிகுந்த பயன் பெறத்தக்கவர் நலிந்த நுரையீரல் உடையவரே. ஆனால் இடையில் முறை தோற்றால் தாங்கும் வலு குறைந்தவரும் அவரே. மடல் நீக்கம் பற்றிய தொடக்க ஆய்வுகளோ பெரிதும் நல்ல நுரையீரல் உடையோரைத் தேர்ந்தெடுத்தே நிகழ்ந்தன. அவற்றின் நல்ல விளைவுகளை நலிந்தோருக்கு அப்படியே பொருத்திக் காட்டுவது முறையாகாது.

முடிவுரை

குழலிடா அறுவை, ‘அறுவை தாங்கமாட்டார்’ என்று ஒதுக்கப்பட்ட சிலருக்குக் கதவைத் திறக்கிறது. ஆயினும் அது பொதுமுறைக்கு மாற்று அன்று. நோயாளித் தேர்வும், மயக்கவியலாரின் தேர்ச்சியும், எந்நொடியும் குழலிடும் ஆயத்தமும் கூடிய இடத்திலேயே அது பாதுகாப்பானது. நலிந்த நுரையீரல் உடையோரையே மையமாகக் கொண்ட ஒப்பீட்டாய்வுகள் பெருகினாலன்றி, அதன் உண்மைப் பயனை உறுதியாக மதிப்பிட இயலாது.