மேகமில்லா வானில் ஒரு குலுக்கல்

கூடங்குளத்துக் காற்றாலைகளைக் கண்டவர்களுக்குக் காற்றின் வலிமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று, அந்தப் பெரும் இறக்கைகளை ஓயாது சுழற்றுகின்றது. சுழலும் இறக்கை, காற்று வருவதைக் காட்டிக் கொடுத்துவிடும். நடுவானில் அத்தகைய அடையாளம் ஏதுமில்லை.

விடுமுறையில் வளைகுடாவிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர், எங்கள் மதரஸா மாணவனின் தந்தை, தமது அனுபவத்தைக் கூறினார். மேகமே இல்லாத வானில் விமானம் திடீரெனத் தூக்கிப் போட்டதாம். தேநீர்க் குவளை கூரையில் போய் மோதியதாம். "மழையுமில்லை, புயலுமில்லை. விமானத்தில்தான் ஏதும் பழுதோ, ஹஸ்ரத்?" என்று வினவினார்.

பழுதன்று. வானின் மிக உயரத்தில் ஆறுகளைப் போலக் காற்று ஓடுகின்றது. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். தென்மேற்குப் பருவக் காலத்தில் நமது தென்னகத்தின் மேலே, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் ஓட்டத்தைப் பற்றி 1958-இல் ஆய்வுரை வெளியிட்டவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் ஆவார். தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது நடு ஆற்று நீர் விரைய, கரையோர நீர் பின்தங்கும். இரண்டுக்கும் இடையே சுழிகள் பிறக்கும். விரைந்த காற்றும் மெதுவான காற்றும் உரசும் இடத்திலும் அவ்வாறே. விமானத்தின் ரேடார் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டே மேகத்தை அறிகின்றது. துளியே இல்லாத இடத்தில் அது எதைக் காணும்?

விமானமே சிதைவது மிக அரிது. 1966 மார்ச் 5 அன்று ஜப்பானின் ஃபியூஜி மலையருகே, தெளிந்த வானில், அவ்வாறு சிதைந்து 124 பேர் மாண்டனர். பெரும்பாலும் அடிபடுவோர் சீட் பெல்ட் அணியாதோரே. 1997 டிசம்பரில் டோக்கியோவிலிருந்து ஹொனலூலு சென்ற விமானத்தில் உயிரிழந்த பயணியும் அவர்களுள் ஒருவர்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம், மியான்மர் வான்வெளியில் வளர்ந்து வந்த மேகத்திரளின் மேலே குலுங்கியது. பெல்ட் அணியுமாறு விளக்கு எரிந்து 8 விநாடிகளே ஆகியிருந்தன. அதற்குள் அணியாதோர் தூக்கி எறியப்பட்டு, உடனே கீழே வீழ்ந்தனர். 4.6 விநாடிகளில் விமானம் 178 அடி இறங்கியிருந்தது. ஒருவர் இறந்தார், பலர் படுகாயமுற்றனர்.

உம்ராவுக்குச் செல்லும் நம் வீட்டு மூதாட்டி, 8 விநாடிகளில் பெல்ட்டின் கொக்கியைத் தேடி மாட்ட இயலுமா?

வட அட்லாண்டிக் வான்வெளியில் கடுமையான குலுக்கலின் கால அளவு 1979 முதல் 2020 வரை 55 விழுக்காடு கூடியுள்ளதாக இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2023-இல் கண்டறிந்தனர். பூமி சூடேறுவதே காரணம் என்கின்றனர்.

ஆகவே விளக்கு அணைந்த பின்னரும் பெல்ட் இடுப்பில் இருக்கட்டும். ஒளூச் செய்யக் கூட்டமாக எழுந்து நடைபாதையில் நிற்பதைத் தவிர்த்து, ஒருவர் பின் ஒருவராகச் செல்லலாம். குலுங்கும் வேளையில் அமர்ந்தே தொழ மார்க்கத்தில் இடமுண்டு. மடிக் குழந்தைக்குரிய சிறு பெல்ட்டைப் பணிப்பெண்ணிடம் கேட்டுப் பெறுங்கள். உறங்கும்போது பெல்ட்டைப் போர்வைக்கு மேலே மாட்டிக்கொண்டால், உங்களை எழுப்பாமலே பார்த்துவிட்டுப் போவார்கள்.