கொல்லிமலையில் குடும்பம், ஓசூரில் வேலை: குழந்தை பிறந்ததும் யார் பேர்ல இன்சூரன்ஸ் எடுக்கணும்?



"சார், குழந்தை பொறந்திருக்கு. அது பேர்ல ஒரு நல்ல பாலிசி போடணும், எது போடலாம்?" வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆனவங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. என் பதில் எப்பவும் ஒண்ணுதான். குழந்தை பேர்ல பாலிசி வேண்டாம், உங்க பேர்ல எடுங்க. குழந்தைக்கு இருக்கிற பெரிய ரிஸ்க், அதுக்குச் சோறு போடுற சம்பளம் நின்னு போறதுதான். அந்தச் சம்பளம் உங்களோடது.

இதை ஒரு குடும்பத்தை வெச்சுப் பார்க்கலாம். கணக்குக்காக நான் உருவாக்கின உதாரணம்தான், ஆனா பலருக்குப் பொருந்தும். உங்களுக்கு வயசு 30. ஓசூர்ல ஒரு கம்பெனியில மாசம் 45,000 ரூபாய் சம்பளம். மனைவி, 3 வயசுக் குழந்தை, அப்பா, அம்மா எல்லாரும் கொல்லிமலை செம்மேட்டுப் பக்கம் ஊர்ல இருக்காங்க. வீட்டுக்கு மாசம் 25,000 அனுப்புறீங்க. கொஞ்சம் மிளகும் காப்பியும் இருக்கு. பர்சனல் லோன் 6 லட்சம், பி.எஃப்.ல 3 லட்சம்.

ஏன் கொல்லிமலை? சிட்டியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் மலையில பளிச்சுனு தெரியும். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவுல இல்ல. காரவள்ளிக்கு இறங்கணும்னா 70 கொண்டை ஊசி வளைவு. குடும்பத்துல மாசாமாசம் வர்ற பணம் ஒரே ஒரு சம்பளம். "நிலம் இருக்குல்ல, அது பார்த்துக்கும்"னு ஒரு தைரியம் வேற. மிளகு வருஷத்துக்கு ஒரு தடவைதான் காசு தரும். ஸ்கூல் ஃபீஸும் மளிகைக் கடையும் அதுவரைக்கும் காத்திருக்காது.

1. முதல்ல டெர்ம் இன்சூரன்ஸ்: எவ்வளவு வேணும்?

"சம்பளத்துல 10 மடங்கு, 15 மடங்கு"னு பொத்தாம் பொதுவா சொல்றதை விட்டுடுங்க. உங்க வீட்டுக் கணக்கைப் போடுங்க.

- வீட்டுக்கு மாசம் 25,000. குழந்தை சொந்தக் காலில் நிக்க இன்னும் 20 வருஷம். 25,000 × 12 × 20 = 60 லட்சம்.
- குழந்தையோட காலேஜ் படிப்புக்கு இன்றைய மதிப்பில் 15 லட்சம்.
- அடைக்க வேண்டிய கடன் 6 லட்சம்.
- மொத்தம் 81 லட்சம். கையில இருக்கிற பி.எஃப். 3 லட்சத்தைக் கழிச்சா 78 லட்சம்.

இங்கே ஒரு அனுமானம் இருக்கு. கிடைக்கிற பணத்தை முதலீடு பண்ணினா வர்ற வருமானமும் விலைவாசி ஏற்றமும் ஏறக்குறைய சமமா இருக்கும்னு வெச்சிருக்கேன். அது தவறலாம், அதனால ரவுண்டா 1 கோடி எடுக்கிறது நல்லது. 30 வயசு, சிகரெட் பழக்கம் இல்லாதவருக்கு 60 வயசு வரைக்கும் 1 கோடி டெர்ம் கவர், வருஷத்துக்குப் பெரும்பாலும் 15,000 ரூபாய்க்குள்ளயே கிடைக்கும். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் லைஃப், ஹெல்த் பாலிசிகளுக்கு 18% ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

"பி.எஃப்.லயே இன்சூரன்ஸ் இருக்கே?"னு கேட்பீங்க. இருக்கு. அதுக்குப் பேர் இ.டி.எல்.ஐ., அதிகபட்சம் 7 லட்சம். ஆனா நீங்க வேலையில இருக்கும்போது இறந்தாத்தான் அது வரும். வேலையை விட்டுட்டு அடுத்த வேலை தேடுற இடைவெளியில அதை நம்ப முடியாது. அதான் மேலே கணக்குல கழிக்கல.

விண்ணப்பத்துல சிகரெட், குடி, பழைய ஆபரேஷன், சுகர் எதையும் மறைக்காதீங்க. பாலிசி ஆரம்பிச்சு 3 வருஷம் வரைக்கும் தப்பான தகவலைக் காட்டி கம்பெனி கிளெய்மை மறுக்க முடியும். அந்த மறுப்புக் கடிதத்தை வாங்கப் போறது நீங்க இல்ல, உங்க மனைவி.

2. சைல்டு பிளான் ஏன் பத்தாது?

மாசம் 5,000, அதாவது வருஷத்துக்கு 60,000 கட்டுற ஒரு சைல்டு பிளானை எடுத்துக்குங்க. இந்த மாதிரி பிளான்கள்ல காப்பீட்டுத் தொகை பொதுவா வருஷ பிரீமியத்துல 10 மடங்கை ஒட்டி இருக்கும். 60,000 கட்டினா சுமார் 6 லட்சம். நமக்குத் தேவை 78 லட்சம்னு இப்பத்தான் பார்த்தோம்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்கு ஏதாவது ஆனா மிச்ச பிரீமியத்தைக் கம்பெனியே கட்டிடும்ங்கிற வசதி பல சைல்டு பிளான்ல இருக்கு. நல்ல வசதிதான். ஆனா படிப்புப் பணம் 15 வருஷம் கழிச்சு வரும், அதுவரைக்கும் வீட்டுச் செலவு? அதே 60,000-ல 15,000-க்கு 1 கோடி டெர்ம் எடுத்துட்டு, மிச்சத்துல ஹெல்த் பாலிசியும் போட்டு, பாக்கியை பி.பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட், பெண் குழந்தைன்னா செல்வமகள் சேமிப்புன்னு பிரிச்சுப் போடலாம்.

ஏற்கனவே சைல்டு பிளான் போட்டிருந்தா பதறி உடனே சரண்டர் பண்ணாதீங்க. முதல்ல டெர்ம் கையில வரட்டும், அப்புறம் சரண்டர் மதிப்பு எவ்வளவுன்னு கேட்டு முடிவெடுங்க. புதுசா எடுத்த பாலிசின்னா, டாக்குமெண்ட் கைக்கு வந்து 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்.

3. பணம் யார் கைக்குப் போகும்?

பாலிசி எடுக்கிறதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. பாதி வேலை இங்கேதான் இருக்கு.

பேச்சிலரா இருக்கும்போது எடுத்த லைஃப் பாலிசியில அம்மா நாமினியா இருப்பாங்க. கல்யாணம் ஆனாலும் அது தானா மாறாது. 2015-ல சட்டம் திருத்தின பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியா இருந்தா அந்தப் பணத்துக்கு உரிமையும் அவங்களுக்கே. அம்மா பேர் மட்டும் இருந்தா முழுப் பணமும் அம்மாவுக்குத்தான். மாமியாரும் மருமகளும் ஒத்துமையா இருக்கிற வீட்டுல பிரச்சினை இல்ல. எல்லா வீடும் அப்படி இல்லைன்னு உங்களுக்கே தெரியும். மனைவிக்கு இவ்வளவு சதவீதம், அம்மாவுக்கு இவ்வளவுன்னு இப்பவே பிரிச்சு எழுதிடுங்க.

பி.எஃப்.ல விதி வேற. கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. புதுசா போடணும். ஆன்லைன்லயே பத்து நிமிஷ வேலை.

குழந்தையை நாமினி ஆக்கினா, 18 வயசு ஆகிற வரைக்கும் பணத்தை வாங்கிப் பொறுப்பா வெச்சிருக்க ஒரு பெரியவர் பேரையும் எழுதணும். அப்பாயிண்டின்னு சொல்லுவாங்க.

கடன் இருக்கிறவங்களுக்கு இன்னொரு பாதுகாப்பு இருக்கு. 1874-ல வந்த திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், பிரிவு 6. டெர்ம் பாலிசி எடுக்கும்போதே "எம்.டபிள்யூ.பி. சட்டத்தின் கீழ்"னு மனைவி, பிள்ளைகள் பேரைக் குறிப்பிட்டு எடுத்தா, அந்தப் பணம் அவங்களுக்கான டிரஸ்ட் மாதிரி. கடன்காரங்க சாதாரணமா அதுல கை வைக்க முடியாது. பின்னாடி பேரை மாத்துற உரிமை உங்களுக்கும் இருக்காது, அதை யோசிச்சுட்டு எடுங்க.

4. ஹெல்த் பாலிசி: குடும்பம் இருக்கிற ஊரைப் பாருங்க

"ஆபீஸ்ல 3 லட்சம் குரூப் கவர் இருக்கு"னு நிம்மதியா இருக்கிறவங்க நிறைய. அந்த கவர் வேலையோட சேர்ந்தது. ராஜினாமா பண்ற அன்னைக்கு அதுவும் போயிடும். இன்னொரு விஷயம், நெட்வொர்க் ஆஸ்பத்திரி லிஸ்ட். ஓசூர், பெங்களூர் ஆஸ்பத்திரி நூறு இருந்து என்ன பயன்? குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் ஏறினா மலையிலிருந்து போகப் போறது நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோதான். பாலிசி எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு ஊர்லயும், குழந்தைகள் பிரிவு இருக்கிற எந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்குன்னு பாருங்க.

லிஸ்ட்ல இல்லாத இடத்துல சேர்த்தாலும் வழி இருக்கு. 2024 ஜனவரியிலிருந்து, அவசர அட்மிஷன்னா 48 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்குத் தகவல் சொல்லி, நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். கிடைக்கலைன்னா பில்லைக் கட்டிட்டு ஒரிஜினல் ரசீதுகளோட கிளெய்ம் பண்ணலாம். ஆனா "ஆஸ்பத்திரி"ங்கிற வார்த்தைக்கே பாலிசியில விளக்கம் இருக்கு. பதிவு பெறாத இடம்னா, 10 லட்சத்துக்குக் குறைவா மக்கள் இருக்கிற ஊர்ல குறைஞ்சது 10 படுக்கை, 24 மணி நேர நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் வேணும். நாலு படுக்கை கிளினிக்ல டிரிப்ஸ் ஏத்தின பில்லுக்கு கிளெய்ம் வர்றது கஷ்டம்.

எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்:

- ரூம் வாடகைக்கு உச்சவரம்பு இருக்கா? இருந்து, அதை மீறின ரூம் எடுத்தா, வாடகை வித்தியாசம் மட்டும் இல்ல, டாக்டர் ஃபீஸ் மாதிரி ரூமோட சேர்ந்த செலவுகளும் அதே விகிதத்துல வெட்டப்படலாம்.
- காத்திருப்புக் காலம் எவ்வளவு? பொதுவா முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் கவர். ஏற்கனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம். அதனாலதான் உடம்பு நல்லா இருக்கும்போதே எடுக்கச் சொல்றேன்.
- அடுத்த குழந்தை பிறந்தா எந்த நாளிலிருந்து கவர்? சில பாலிசியில முதல் நாளே, சிலதுல 90 நாள் கழிச்சு.
- ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு? 108 இலவசம்தான், ஆனா ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொண்ணுக்குத் தனியார் வண்டியில மாத்த வேண்டி வரலாம்.

நீங்க, மனைவி, குழந்தை மூணு பேருக்கும் சேர்த்து 10 லட்சம் ஃபேமிலி ஃப்ளோட்டர் எடுக்கலாம். பட்ஜெட் இடிச்சா 5 லட்சம் பாலிசியும் அதுக்கு மேல ஒரு சூப்பர் டாப்-அப்பும் போதும். அப்பா அம்மாவை இதே ஃப்ளோட்டர்ல சேர்க்காதீங்க. மூத்தவர் வயசை வெச்சுத்தான் பிரீமியம் ஏறும், அவங்களுக்கு ஒரு பெரிய செலவு வந்தா அந்த வருஷம் குழந்தைக்கு மிச்சம் இருக்காது.

பெற்றோர் தனி ரேஷன் கார்டுல இருந்து, அவங்க வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். கார்டு வாங்கியாச்சான்னு ஊருக்குப் போகும்போது பாருங்க.

சம்பளம் 21,000-க்குள்ளன்னா உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கும். குடும்பம் வேற ஊர்ல இருந்தா அவங்களுக்கு அந்தப் பக்கத்து டிஸ்பென்சரியைத் தனியா பதிவு பண்ணலாம். பலருக்கு இது தெரியாது.

5. 70 வளைவும் ஒரு பைக்கும்

ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா, பொங்கல்னு லீவு கிடைச்சா பைக்ல ஊருக்கு ஏறுவீங்க. வண்டி இன்சூரன்ஸோட வர்ற 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் கவர், உங்க பேர்ல இருக்கிற வண்டியை லைசென்ஸோட நீங்க ஓட்டும்போது மட்டும்தான். தம்பி வண்டியில பின்னாடி உட்கார்ந்து போனா அது உங்களுக்குக் கிடையாது. இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் அது. கால் உடைஞ்சு நாலு மாசம் படுத்திருந்தா ஒண்ணும் வராது, டெர்ம் பாலிசியும் தராது.

அதனால தற்காலிக ஊனத்துக்கும் வாராவாரம் பணம் தர்ற தனி ஆக்சிடென்ட் பாலிசி ஒண்ணு எடுங்க. உடனே முடியலைன்னா, பேங்க் கணக்கு மூலமா வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு தர்ற பி.எம்.எஸ்.பி.ஒய்., வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு தர்ற பி.எம்.ஜே.ஜே.பி.ஒய். ரெண்டையும் இன்னைக்கே போடுங்க. மனைவிக்கும் சேர்த்துப் போடுங்க. வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கிற அவங்க உழைப்புக்கும் மதிப்பு இருக்கு.

எந்த வரிசையில செய்யணும்?

1. இந்த வாரம்: பி.எஃப்., பழைய பாலிசி எல்லாத்துலயும் நாமினியைச் சரி பாருங்க. செலவு பூஜ்யம்.
2. இந்த மாசம்: டெர்ம் பாலிசிக்கு விண்ணப்பம். அப்பாயிண்டி, எம்.டபிள்யூ.பி. முடிவும் இப்பவே.
3. அடுத்த மாசம்: நாமக்கல், சேலம் லிஸ்ட் பார்த்து ஃபேமிலி ஃப்ளோட்டர்.
4. அதுக்கடுத்து: ஆக்சிடென்ட் பாலிசி.
5. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் குழந்தையோட படிப்புக்கு முதலீடு.

"வரி மிச்சமாகுமா?"ங்கிறதை வெச்சு பாலிசியைத் தேர்ந்தெடுக்காதீங்க. புது வரி முறையில இருந்தா இந்த பிரீமியங்களுக்குக் கழிவே கிடையாது. அப்பவும் பாதுகாப்பு தேவைதான்.

கடைசியா, பாலிசி நம்பர்கள், கம்பெனி ஹெல்ப்லைன், உங்க எச்.ஆர். நம்பர் எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி, செம்மேட்டு வீட்டு பீரோவுல வெச்சுட்டு, மனைவிகிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. உங்க போன்ல மட்டும் இருக்கிற பாலிசி, உங்க போனோட லாக் ஆகிடும்.