மாத்திரைக்கு அடங்காத வயிற்றெரிச்சல்!

"டாக்டர், அம்மாவுக்கு வயிறு எரியுதாம். ராத்திரி தூக்கமே வரலையாம்!"

சொன்னது அம்மா அல்ல, ஏழு வயது மகள். செம்பரம்பாக்கத்தில் என் வைத்தியசாலைக்கு ஒரு சாயங்காலம் வந்த ஒடிசா குடும்பம் அது. அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. அம்மாவுக்கு ஒடியா தவிர வேறு பாஷை தெரியாது. மகளோ இங்கே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு... தமிழில் வெளுத்து வாங்குகிறாள்!

நாடி பார்த்தேன். பித்தம் மிகுந்திருந்தது. குன்மம்தான் என்று முடிவு கட்டி, ஏலாதிச் சூரணம் கொடுத்தேன். "காரம், புளி குறைக்கணும்னு அம்மாகிட்ட சொல்லு கண்ணு" என்று அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார்கள். எரிச்சல் குறையவில்லை. எடைதான் இரண்டு கிலோ குறைந்திருந்தது. "வீட்டிலே வேற யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டேன். "ஊர்ல தம்பி..." என்று ஆரம்பித்த குழந்தை, அம்மா முகத்தைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று நிறுத்திக்கொண்டது.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. தாயின் துயரத்தை மொழிபெயர்க்கிற வேலையை ஏழு வயதுப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேனே! அடுத்த முறை, அதே லைன் வீட்டில் குடியிருக்கும் தமிழ் தெரிந்த ஒடியா அம்மா ஒருவரை அழைத்து வரச் சொன்னேன். குழந்தையை வெளியே விளையாட அனுப்பினேன். பிறகு கொட்டியது பாருங்கள்...

கஞ்சம் மாவட்டத்துக் கிராமம். வீடு கட்ட வாங்கிய கடன். மூன்று வருஷம் முன்பு இங்கே வந்தபோது, ஒரு வயது மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மாதாமாதம் ஊருக்குப் பணம் போக வேண்டும். ஆகவே காலையில் டீயும் பன்னும்தான். புருஷனுக்கு நைட் ஷிப்டு என்றால் ராத்திரி அடுப்பே மூட்டுவதில்லை. மத்தியானம் மிஞ்சியது மகளுக்கு. இதெல்லாம்கூடப் பழகிவிட்டதாம். ஆனால் கொஞ்ச நாளாக, போனில் மகன் பாட்டியைத்தான் "மா" என்கிறானாம். பெற்றவள் பேசினால் போனைத் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறானாம். அன்றைக்குப் போன தூக்கம்தான்!

இதற்கு எந்தச் சூரணம் கேட்கும், சொல்லுங்கள்?

நிலம் மாறினால்...

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையும் நோயையும் சேர்த்தே பார்ப்பது சித்த மருத்துவம். நிலம் மாறினால் தண்ணீர், சாப்பாடு, தூக்கம் எல்லாமே மாறும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எனக்கே செம்பரம்பாக்கம் தண்ணீர் ஒத்துக்கொள்ள ஆறு மாசம் ஆனது. பாஷையும் புரியாத ஊர் என்றால்?

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தப் பக்கம் ஏரும் ஏரியுமாக இருந்தது மாறிப்போனது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா 2014-ல் மூடியதையும் பார்த்தோம். 2020 ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் மூட்டையோடு நடந்ததையும் பார்த்தோம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க விடுதி திறந்தது நல்ல காரியம். ஆனால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இன்னமும் பத்துக் குடித்தனத்துக்கு இரண்டு கழிப்பறை என்ற லைன் வீடுதான் கதி.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 1974 முதல் அரசாங்கமே முன்னின்று ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறது. 1988-ல் அதிபர் கொரசோன் அக்கினோ அவர்களைப் "புதிய நாயகர்கள்" என்று புகழ்ந்தார். பட்டம் பெரிசுதான். ஆனால் அயல்நாட்டில் பிறர் குழந்தைக்குச் சோறூட்டும் தாயின் சொந்தக் குழந்தை பாட்டியிடம் வளர்கிறது! துபாய்க்குப் பிள்ளையை அனுப்பிய நம் வீடுகளுக்கும் இது புதுக் கதையா என்ன?

பகாளா தந்த பசி

எடை குறைந்ததால் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம், சளி பரிசோதிக்கச் சொன்னேன். நல்லவேளை, ரத்தசோகை மட்டும்தான். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

"ஊரில் காலையில் என்ன சாப்பிடுவீங்கம்மா?" என்றேன். தயங்கி, "பகாளா" என்றார். நம் பழைய சோறேதான்! மார்ச் 20-ஐ ஒடிசாக்காரர்கள் பகாளா தினமாகவே கொண்டாடுகிறார்கள். இங்கே யாராவது கேலி செய்வார்களோ என்று விட்டுவிட்டாராம். "எங்க வீட்டிலும் மோர் விட்ட பழையதும் சின்ன வெங்காயமும்தாம்மா" என்றதும் முதன்முதலாகச் சிரித்தார். காலையில் பகாளா, ராத்திரி கட்டாயம் சாப்பாடு, மருந்து. ஒரு மாசத்தில் எரிச்சல் பாதி குறைந்தது.

மீதிப் பாதி? புருஷனைக் கூப்பிட்டுப் பேசினேன். "இன்னும் ஒரு வருஷம் சார், கடன் முடிஞ்சுடும்" என்றார். "மூணு வருஷமும் அப்படித்தானேப்பா சொல்லியிருப்பே?" என்றேன். பதில் இல்லை. ஊர் திரும்பலாம் என்றால் மகளுக்கு ஒடியா எழுத்தே தெரியாது.

ரத யாத்திரைக்கு ஊர் போனவர்கள் மகனோடு திரும்பினார்கள். பையன் இரண்டு வாரம் அம்மாவிடம் ஒட்டவே இல்லையாம். கடனும் நிற்கிறது, அங்கே பாட்டி தனியாக இருக்கிறார் என்ற புதுக் கவலை வேறு. ஆனால் அம்மா தூங்குகிறார்.

போன வாரம் தம்பிக்குச் சளி என்று மகள் கூட்டிவந்தாள். "தம்பி என்ன சொல்றான்?" என்றேன். "அம்மாகிட்ட போகணுமாம் டாக்டர்!"

கவனியுங்கள்:

* நைட் ஷிப்டுக்காரர்கள் பகலில் இருட்டறையில் தொடர்ந்து தூங்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் தனியாகவேனும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.
* பழையதுக்குக் கொதித்து ஆறிய தண்ணீரே நல்லது. மறுநாளைக்கு மேல் வைக்காதீர்கள்.
* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாமல் எடை குறைவு என்றால் கை வைத்தியம் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதியுங்கள்.
* வெளிமாநில ரேஷன் கார்டுக்கும் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் அரிசி, கோதுமை பெறலாம். உங்கள் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் சொல்லுங்கள்.
* பெரியவர்கள் கஷ்டத்தைக் குழந்தை வாயால் கேட்காதீர்கள்.