பிள்ளை கேட்கும்போது என்ன சொல்வோம்?
(வானொலி மறையுரையிலிருந்து)



பிள்ளையை ஞாயிறு மறைக்கல்விக்கு அனுப்பத் தயங்கிய ஒரு தாய் கேட்டார்: “சாமி, பேப்பரில் வருவதையெல்லாம் என் மகன் படிக்கிறான். குருக்கள் செய்த தவறு, பங்கில் சண்டை, கோர்ட்டில் வழக்கு. இந்தத் திருச்சபையையா நான் நம்ப வேண்டும் என்கிறான். என்ன பதில் சொல்வேன்?”

முதல் பதில்: மறைக்காதீர்கள். பேதுரு ஆண்டவரை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் எழுதி வைத்திருக்கின்றன. காட்டிக்கொடுத்தவன் பன்னிருவரில் ஒருவன் என்பதையும் அவை ஒளிக்கவில்லை. நற்செய்தியே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

நெருக்கடி நமக்குப் புதிதல்ல. புதுக் கிறிஸ்தவர்கள் எந்த வழக்கங்களை வைத்துக்கொள்ளலாம், சாதிப் பிரிவினையை என்ன செய்வது என்று தமிழகத் திருச்சபையில் 1704 முதல் பெரும் வழக்கு நடந்தது. 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அதற்கு முடிவு ஆணை தந்தார். மறு ஆண்டே, 1745இல், வடக்கன்குளத்தில் நீலகண்டன் என்ற அரண்மனை அலுவலர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அவருக்கு விசுவாசத்தின் வாசலைத் திறந்தவர் குரு அல்ல, ஒரு படைவீரர். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டிலனாய் அவர். குடும்பத்தில் இழப்புகளால் மனம் நொந்திருந்த நண்பருக்கு அவர் யோபுவின் கதையைச் சொன்னார். இழந்தது திரும்பக் கிடைக்கும் முன்பே இறைவனைப் பற்றிக்கொண்ட ஒருவரின் கதை அது. அந்த விசுவாசம் 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டுக்கும் அசையவில்லை. 2022 மே 15இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

திருமறையில் சேர விரும்புவோருக்கு நாம் கற்க வேண்டிய பாடம் இங்கே இருக்கிறது. குறையற்ற சபையைக் காட்டுகிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சிலுவையில் தொங்கியவரைக் காட்டுங்கள்.

1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மதுரை மறைப்பணித் தளத்தில் மிகச் சில குருக்களே இருந்தனர். ஊர் ஊராகச் செபம் சொல்லிக்கொடுத்து, சாகக் கிடந்தோர் அருகில் அமர்ந்து விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களும் வீட்டுப் பெரியவர்களும்தான்.

நம் காஞ்சிப் பகுதியில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா. நெசவாளர் ஒரு பக்கம், துணையாள் மறுபக்கம். ஒருவர் கை ஓய்ந்தால் உடலும் கரையும் சேராது. மறைக்கல்வியும் அப்படித்தான். வகுப்பில் ஒரு மணி நேரம் ஆசிரியர் நெய்வதோடு, வாரம் முழுவதும் வீடும் சேர்ந்து நெய்ய வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம்.

ஒன்று, இரவில் பிள்ளைகளோடு சேர்ந்து செபமாலை சொல்லுங்கள். “போய்ச் சொல்” என்று அனுப்பாமல், நீங்களும் முழந்தாளிடுங்கள்.

இரண்டு, பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். “ஆம், அது பாவம். அதற்காகத் திருச்சபை வெட்கப்பட வேண்டும்” என்று சொல்லுங்கள். தெரியாததைக் கேட்டால், தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள்.

மூன்று, யாரேனும் தன்னிடம் தகாத முறையில் நடந்ததாகப் பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். அவர் குருவானாலும் ஆசிரியரானாலும் சரி, திருச்சபையின் பெயர் கெடும் என்று மூடி வைக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. குழந்தைகள் உதவி எண் 1098. சிறியோருக்கு இடறல் செய்பவனைப் பற்றி ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதை நினைவில் வையுங்கள். பிள்ளையைக் காப்பதும் மறைக்கல்விதான்.

அந்தத் தாயிடம் கடைசியாகச் சொன்னேன்: “அம்மா, உங்கள் மகன் திருச்சபையைப் பற்றிக் கேட்கிறான் என்றால் அவனுக்கு அதன்மேல் இன்னும் அக்கறை இருக்கிறது. அந்தக் கேள்வியோடு அவனை வகுப்புக்கு அனுப்புங்கள். நீங்களும் கூட வாருங்கள்.”

புனித தேவசகாயமே, எங்கள் பிள்ளைகளுக்காகவும், புதிதாகத் திருமறை தேடி வருவோருக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.